ஓஸ் மந்திரவாதியின் முன்கதை குடும்பத்தோடு பார்க்கத் தகுமா? கல்லடியில் நடந்த ஒரு திரையிடல் பற்றிய நிகழ்வு ஆய்வு

கேள்வி எழுந்த விதம்

மட்டக்களப்பு, கல்லடியில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் வார இறுதிகளில் ஒரு வீட்டு விறாந்தையில் கூடும் சிறுவர் வாசகர் வட்டத்தை நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தி வருகிறோம். தரம் 1 முதல் தரம் 9 வரையான பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களைக் கொண்டுவந்து விடும் தாய்மாரும், பேரப்பிள்ளைகளுக்குக் காவலாக வரும் பெத்தம்மாமாரும், எப்போதாவது ஒரு தந்தையும் பின்வரிசைக் கதிரைகளில் அமர்ந்துவிடுவார்கள். கடந்த வைகாசியில் டொரதி என்ற சிறுமி ஓஸ் நாட்டுக்குப் போன கதையைப் பல அமர்வுகளாகத் தமிழில் சொல்லி முடித்திருந்தோம். முடித்த கையோடு, தரம் 6 இல் படிக்கும் மாணவி ஒருத்தி, அந்த மந்திரவாதி ஓஸ் நாட்டுக்கு எப்படி வந்தார் என்பதைச் சொல்லும் படம் ஒன்று இருப்பதாகவும், அதன் துண்டுக் காட்சிகளைத் தன் மாமாவின் போனில் பார்த்ததாகவும் சொல்லி, அதை எல்லோருமாகப் பார்க்கலாமா என்று கேட்டாள். பத்து வயதிலும் ஐந்து வயதிலும் பிள்ளைகள் உள்ள தாய் ஒருவர் உடனே கேட்டது வேறு: “இது சின்னப் பிள்ளைகளோட இருந்து பாக்கக்கூடிய படமா, ரீச்சர்?”

படத்தின் உறையில் அச்சிடப்பட்டிருந்த பி.ஜி. என்ற தரக்குறியைக் காட்டி, பெற்றார் பக்கத்தில் இருந்தால் போதும் என்று அன்றே பதில் சொல்லியிருக்க முடியும். அப்படிச் செய்யாமல், முதலில் பெரியவர்கள் மூவர் படத்தைப் பார்ப்பது, பின்னர் பெற்றாருடன் பேசுவது, அதன் பிறகே திரையிடுவதா இல்லையா என்று முடிவெடுப்பது என்று ஒழுங்கு செய்தோம். முன்கூட்டிப் பார்த்த மூவரில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். மற்றவர் தாதியாகப் பணிபுரியும் தாய். மூன்றாவது ஆள் நான். எங்கள் மூவரின் கருத்தும் ஒன்றாக இருக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படமும் அதன் மூலமும்

‘ஓஸ் த கிரேட் அண்ட் பவர்ஃபுல்’ என்ற இந்தப் படத்தை டிஸ்னி நிறுவனம் 2013 மார்ச் மாதத்தில் வெளியிட்டது. இயக்குநர் சாம் ரைமி ஸ்பைடர்மேன் படங்கள் மூன்றை இயக்கியவர் என்ற வகையில் நம் இளைஞர்களுக்கு அறிமுகமானவர். அதற்கு முன்னரே பேய்ப் படங்களால் பெயர் பெற்றவர் என்பதையும் பெற்றார் அறிந்திருப்பது நல்லது, ஏனெனில் இப்படத்தின் சில இடங்களில் அந்தப் பழைய கை தெரிகிறது. 130 நிமிடங்கள் ஓடும் இந்தக் கதை, 1905 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், ஊர் ஊராகச் செல்லும் ஒரு சர்க்கஸில் தொடங்குகிறது. அங்கே வித்தை காட்டிப் பிழைக்கும் ஒஸ்கார் டிக்ஸ் என்பவன் பெண்களுக்கு ஒரே மாதிரியான இசைப் பெட்டியைப் பரிசளித்து, ஒரே மாதிரியான பொய்யைச் சொல்லி மயக்கும் பழக்கமுள்ளவன். அடிக்க வந்தவனிடமிருந்து தப்புவதற்காக பலூனில் ஏறிய அவனைச் சுழற்காற்று இழுத்துச் சென்று ஓஸ் நாட்டில் போடுகிறது. வானத்திலிருந்து ஒரு மந்திரவாதி வந்து தங்களை மீட்பான் என்று காத்திருக்கும் அந்நாட்டு மக்களுக்கு முன், அரியணையும் பொன்னும் கிடைக்கும் என்ற ஆசையில், தானே அந்த மந்திரவாதி என்று அவன் நடிக்கிறான். தியோடோரா, எவனோரா என்ற சகோதரிகளும் கிளிண்டா என்ற மூன்றாவது சூனியக்காரியும் இந்த நடிப்பைச் சுற்றியே இயங்குகிறார்கள்.

இந்த இரண்டு மணி நேரத்துக்கும் மேற்பட்ட கதைக்கு மூலநூலில் கிடைக்கும் ஆதாரம் சில பந்திகள் மட்டுமே. எல். ஃபிராங்க் போம் 1900 இல் வெளியிட்ட நூலில், மாபெரும் மந்திரவாதி என்று எல்லோரும் அஞ்சிய ஆள் ஒரு திரைத்தட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த சிறிய வயோதிபர் என்பதை டொரதியின் நாய்க்குட்டி அதைத் தட்டி விழுத்தியதால் அறிகிறோம். அகப்பட்டுக்கொண்ட பிறகு அவரே நடுங்கிக்கொண்டு தன் கதையைச் சொல்கிறார்: சர்க்கஸ் ஒன்றுக்காகப் பலூனில் ஏறியவர் காற்றோடு அடித்துச் செல்லப்பட்டார், மக்கள் அவரை மந்திரவாதி என்று நம்பினர், அந்த நம்பிக்கையைக் கலைக்க அவர் விரும்பவில்லை, பிறகு வெளியே வரவே பயந்து வாழ்ந்தார். இவ்வளவுதான்.

குழந்தைகளின் நூல் என்ற பெயருக்குள் மூலநூலில் எவ்வளவு கொடுமை அடங்கியிருக்கிறது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. பழைய கதைகளில் இருந்த மனவேதனையையும் கெட்ட கனவுகளையும் விலக்கி, வியப்பையும் மகிழ்ச்சியையும் மட்டும் தரும் கதையை எழுத முயன்றதாகப் போம் தன் முன்னுரையில் கூறுகிறார். ஆனால் அதே நூலில் தகர மனிதன் தன் கோடரியால் நாற்பது ஓநாய்களின் தலைகளை வெட்டுகிறான். வைக்கோல் மனிதன் நாற்பது காகங்களின் கழுத்தை முறிக்கிறான். எங்கள் பிள்ளைகள் இந்தப் பகுதியை எந்தக் கலக்கமும் இன்றிக் கேட்டார்கள், இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னார்கள். ஆகவே வன்முறை இருக்கிறதா இல்லையா என்று எண்ணிக் கணக்குப் பார்ப்பது இந்த விடயத்தில் பெரிதும் பயன் தராது என்பது தொடக்கத்திலேயே தெளிவாகியது.

இடையில் ஒன்று. போமின் நூலைக் கொண்டு எடுக்கப்பட்டு, பலரும் அறிந்த 1939 ஆம் ஆண்டுப் படத்தில் வரும் சிவப்பு நிற மாணிக்கக் காலணியை எதிர்பார்த்துக் கொண்டு உட்காரும் பிள்ளைகள் ஏமாறுவார்கள். அது அந்தப் படத்துக்கே உரிய கற்பனை. போமின் நூலில் அது வெள்ளிக் காலணி. பழைய படத்தின் உரிமை வேறொரு நிறுவனத்திடம் இருப்பதால், நூலிலிருந்து மட்டுமே டிஸ்னி தாராளமாக எடுத்துக்கொள்ள முடிந்தது. சூனியக்காரியின் பச்சை முகமும் நூலில் இல்லை, அதுவும் 1939 இன் வரவுதான்.

தரக்குறி எதைச் சொல்கிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அமெரிக்காவில் 1968 இல் தொடங்கிய தரப்படுத்தல் முறையின்படி இப்படத்துக்குப் பி.ஜி. வழங்கப்பட்டது. அதற்குக் காட்டப்பட்ட காரணங்கள் சண்டைக் காட்சிகளும், பயமூட்டும் உருவங்களும், ஓரிரு இடங்களில் வரும் சற்றே கடுமையான சொற்களும் ஆகும். கதையின் நாயகன் பொய்யன் என்பதோ, அவனுடைய பொய்யால் ஒரு பெண்ணின் வாழ்வு அழிகிறது என்பதோ அந்தக் குறியின் பார்வைக்குள் வருவதில்லை.

அச்சம் பற்றி

பெற்றார் எல்லோரும் முதலில் கேட்டது பயத்தைப் பற்றியே. பயப்படத்தக்க இடங்கள் இப்படத்தில் நிறையவே உள்ளன: ஆற்றில் கடிக்கும் சிறு தேவதைகள், இருட்டுக் காட்டில் பாய்ந்து கவ்வும் செடிகள், சிறகு முளைத்த பபூன் குரங்குகளின் பாய்ச்சல், கல்லறைப் பகுதி, இறுதியில் அழகு உதிர்ந்து கிழடாகும் எவனோராவின் முகம். எல்லாவற்றிலும் கடுமையானது தியோடோரா மாறும் இடம். மந்திர அப்பிளைக் கடித்தவள் மேசைக்குப் பின்னால் துடித்து விழ, பச்சை நிறமேறிய ஒரு கை மட்டும் மேலே வந்து நகத்தால் மேசையைப் பிறாண்டுகிறது. சாம் ரைமியின் பழைய கை என்று மேலே குறிப்பிட்டது இதைத்தான்.

நம் பகுதியில் பிள்ளைகளுக்குப் பயங்கரம் புதிதல்ல. வடமோடிக் கூத்தில் அரக்கன் குதித்து வரும்போது பெத்தம்மாவின் சேலைக்குள் முகம் புதைத்துக்கொண்டு ஒரு கண்ணால் பார்க்கும் பிள்ளைகளை இன்றும் காணலாம். ஆனால் அந்த அரக்கன் பகலில் கடைத்தெருவில் சைக்கிளில் போகிற மாமா என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஒப்பனை போடுவதை அது பார்த்திருக்கிறது, விடிந்ததும் ஒப்பனை கலைவதையும் பார்க்கும். திரையில் வரும் முகத்துக்கு அப்படியொரு விடியல் கிடையாது. அதனால் மாற்றக் காட்சிக்கு முன் சிறு பிள்ளைகளுக்கு, தியோடோராவாக நடித்த மிலா கூனிஸின் சாதாரணப் படம் ஒன்றைக் காட்டி, ஒப்பனையால் எப்படி அந்த முகம் செய்யப்பட்டது என்று விளக்குவது என முடிவு செய்தோம்.

நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக அமைந்தது பெரியவர்களின் அச்சம். 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்ட பெத்தம்மாமார் எங்கள் வட்டத்தில் இருக்கிறார்கள். பலூன் சுழற்காற்றில் அகப்படும் காட்சி கறுப்பு வெள்ளையில், பெரும் இரைச்சலுடன் நீண்டுகொண்டே போகும். பலகைத் துண்டுகள் ஆணியைப்போல் கூடையைத் துளைத்து வரும். திரையிடலின்போது பிள்ளைகள் அதைக் கண்டு சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒருவர் மட்டும், “சத்தத்தக் குறை மனே” என்று கேட்டார். தாதியான தாய் வேறொன்றைக் கவனித்துச் சொன்னார். படத்தின் முடிவில் வாணவெடிகள் தொடர்ந்து வெடிக்கின்றன, சதுக்கத்தில் கூடியிருந்த மக்கள் சிதறி ஓடுகிறார்கள். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி நகரில் சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பை அறிந்த குடும்பங்கள் நிறைந்த ஊரில், அந்த இடத்தை முன்கூட்டிச் சொல்லாமல் காட்டக்கூடாது என்பது அவருடைய வாதம். அதை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டோம். படத்தைச் செய்தவர்கள் நம்மை நினைத்துச் செய்யவில்லை. ஆனால் பார்ப்பவர்கள் நாம்தானே.

பீங்கான் ஊரின் காட்சியும் இதே வகையில் எடை போடப்பட்டது. பபூன்கள் தாக்கிய ஊரில் தேநீர்க்கேத்தல் வடிவ வீடுகள் எல்லாம் உடைந்து கிடக்கின்றன. குடும்பத்தை இழந்து, கால்கள் உடைந்து, தனித்து எஞ்சிய ஒரு பீங்கான் சிறுமி அழுதுகொண்டிருக்கிறாள். நாவலடியும் கல்லடிக் கரையும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது எப்படி இருந்தன என்பது எங்கள் பெற்றார் தலைமுறைக்கு நேரில் தெரியும். இந்தக் காட்சி தகாது என்று சிலர் சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். மாறாக, முழுப் படத்திலும் மிகுந்த மரியாதையோடு எடுக்கப்பட்ட இடம் இதுவே என்று அவர்கள் கருதினார்கள். அந்தச் சிறுமி அவசரமாகச் சிரிக்க வைக்கப்படுவதில்லை, அவளுடைய இழப்பு ஒரு பாட்டோடு மறக்கப்படுவதுமில்லை. ஒஸ்கார் தன் பயணப்பெட்டியிலிருந்து பசையை எடுத்துக் கால்களை ஒட்டும்போது நடிப்பின்றி ஒரு வேலையைச் செய்கிறான். அவன் மீது முதன்முதலாக நம்பிக்கை வருவது அங்கேதான்.

இதற்கும் ஒரு மறுப்பு எழுந்தது. போர்க்காலத்தில் ஒரு காலை இழந்த தந்தையொருவர், படத்தின் தொடக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்து, தன்னை நடக்க வைக்குமாறு வித்தைக்காரனிடம் கேட்கும் சிறுமியை நினைவூட்டினார். ஓஸ் நாட்டுச் சிறுமிக்கு அதே நடிகையின் குரலைக் கொடுத்துக் கால்களையும் ஒட்டிக் கொடுத்ததால் படம் தன் கடனைத் தீர்த்ததாக நினைத்துக்கொள்கிறது. கன்சாஸ் சிறுமி நாற்காலியிலேயே இருக்கிறாள், அவளிடம் யாரும் திரும்பிப் போகவில்லை என்றார் அவர். அங்கவீனமுள்ள பிள்ளை பக்கத்தில் இருந்து இதைப் பார்க்கும்போது, கால் சரியானால்தான் கதை சரியாகும் என்ற எண்ணம் வந்துவிடும் என்றும் சொன்னார். நான் பார்த்தபோது அந்தத் தொடர்பை ஒரு அழகான இணைப்பாக மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய வாசிப்பே சரியானது.

தியோடோராவின் கண்ணீர்

எங்கள் ஆய்வில் அதிக நேரம் எடுத்த பகுதி இது. ஓஸ் நாட்டில் ஒஸ்காரை முதலில் சந்திப்பவள் தியோடோரா. கபடமற்றவள், அவன் தான் காத்திருந்த மந்திரவாதி என்று நம்புகிறாள். அவன் தன் வழக்கமான இசைப் பெட்டியை அவளுக்கும் கொடுத்து அவளுடன் நடனமாடுகிறான். அவனுடன் சேர்ந்து ஆளப்போவதாக அவள் மனம் நிறைகிறது. பிறகு அவன் பொன்னைத் தேடிப் போய்விடுகிறான். அக்கா எவனோரா, அவன் வேறொருத்தியுடன் இருப்பதைப் பளிங்குக் கோளத்தில் காட்டி, மனவேதனையை ஒழிக்கும் மருந்து என்று சொல்லி அப்பிளைக் கொடுக்கிறாள். கண்ணீர் வழிந்த இடமெல்லாம் தியோடோராவின் கன்னத்தில் எரிந்த தழும்பாகிறது. அப்பிளைக் கடித்ததும் அவள் கொடிய சூனியக்காரியாகிறாள். சூழ்ச்சி அக்காவினுடையது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சூழ்ச்சிக்கு இடங்கொடுத்த காயத்தை ஏற்படுத்தியவன் நாயகன். இதன் பின் படம் அவனுடைய வெற்றியை நோக்கி நடக்கிறது. அவன் புகையில் தன் முகத்தைப் பெரிதாகக் காட்டி மக்களையும் எதிரிகளையும் நம்பவைத்து அரசனாகிறான். ஓடிப்போகும் தியோடோராவைப் பார்த்து, உன் கொடுமை உன் குற்றமல்ல, உனக்குள் நன்மையைக் கண்டால் திரும்பி வரலாம் என்று அந்தப் புகைமுகம் சொல்கிறது. மன்னித்துக்கொள் என்று அது சொல்வதில்லை.

இதை வேறொரு ஊரில் பார்த்தால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. வைகாசி மாதத்தில், ஊருக்கு ஊர் கண்ணகை அம்மன் கோயில்களில் கண்ணகியின் கதையான வழக்குரை பாடி, அம்மனின் வெப்பத்தைத் தணிக்கும் குளிர்த்திச் சடங்கு முடிந்திருந்த நேரத்தில், மட்டக்களப்பில் பார்த்தால் இது மிகவும் தெளிவாகத் தெரிகிறது. எங்கள் பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடென்றாலும் கேட்டு வளரும் கதையிலும் ஒரு பெண்ணுக்கு அநீதி நடக்கிறது, அவளுடைய கண்ணீரும் நெருப்பாகிறது. ஆனால் அங்கே அந்தக் கோபம் நீதியின் பக்கம் நிற்கிறது. முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுத் தீயோரை மட்டும் சேருமாறு நெருப்புக்கே கட்டளையிடப்படுகிறது. தவறு செய்தவன் அரசன் என்று தெரிந்த கணத்தில் அரசன் அரியணையிலிருந்து விழுந்து உயிர் விடுகிறான். அதன் பிறகு ஊரே கூடி அவளுடைய வெப்பத்தைத் தணிக்கிறது. இந்தப் படத்தில் தவறு செய்தவன் அரியணையில் ஏறுகிறான், அநீதிக்குள்ளானவள் அசிங்கமான முகத்தோடு நாட்டைவிட்டு விரட்டப்படுகிறாள், அவளைத் தணிக்க யாரும் முயல்வதில்லை. இரண்டு கதைகளில் எது உயர்ந்தது என்று ஒப்பிடுவது என் நோக்கமல்ல. அநீதிக்குக் கணக்குத் தீர்க்கும் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, கணக்குத் தீராத கதையைப் பார்க்கும்போது குழம்பும். அந்தக் குழப்பத்தை வீட்டில் யாராவது பேசித் தீர்க்க வேண்டும். குடும்பத்துக்குத் தகுமா என்ற கேள்வியின் உள்ளீடு இதுதான் என்று நான் கருதுகிறேன்.

பெண் பிள்ளைகளைப் பொறுத்து இது இன்னும் கூர்மையாகிறது. காதலில் ஏமாந்த பெண் அழகை இழந்து பேயாவாள் என்ற எண்ணம் பதினொரு, பன்னிரண்டு வயதில் ஒரு மனதுக்குள் போனால், அதைப் பறக்கும் குரங்கின் பயத்தைப் போல மறுநாள் மறந்துவிட முடியாது. ஓய்வுபெற்ற ஆசிரியர் இந்த ஒரு காரணத்துக்காகவே படத்தை விலக்க வேண்டும் என்றார்.

எதை முதலில் சொல்வது

முன்கதைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சிக்கல் உண்டு. காலவரிசையில் முன்னால் வருவதால், அதையே முதலில் காட்ட வேண்டும் என்று பெற்றார் நினைக்கிறார்கள். இந்தக் கதையில் அப்படிச் செய்தால் மூலநூலின் மிகச் சிறந்த கணம் பாழாகிவிடும். மாபெரும் தலை, நெருப்புப் பந்து என்றெல்லாம் தோன்றியவர் ஒரு சாதாரண ஆள் என்று தெரியவரும் அதிர்ச்சி, அது முன்பே தெரிந்த பிள்ளைக்குக் கிடைக்காது. இது சுவை பற்றிய நட்டம். அறம் பற்றிய நட்டம் அதைவிடப் பெரிது. முன்கதையில் பொய் வெற்றியாக முடிகிறது. மூலக்கதையிலோ அதே பொய் பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு சிறு நாயால் அம்பலமாகி, பொய் சொன்னவர் வெட்கப்பட்டு, தான் செய்ததை ஒப்புக்கொள்கிறார். படம் தீர்க்காமல் விட்ட கணக்கைத் தீர்ப்பது நூல்தான். நூலை முதலில் அறிந்த பிள்ளை, ஒஸ்கார் புகைமுகத்தோடு சிரிக்கும்போதே அந்தச் சிரிப்பின் முடிவையும் அறிந்திருக்கும்.

இந்த முன்கதையை ஓஸ் நாட்டின் வரலாறு என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு, அதே சூனியக்காரிக்கு முற்றிலும் வேறான கடந்தகாலத்தைத் தரும் கதைகளும் உண்டு என்று சொல்வது உதவியது. கிரகரி மக்வாயர் பெரியவர்களுக்காக 1995 இல் எழுதிய ‘விக்கெட்’ நாவலில் அவள் பிறவியிலேயே பச்சை நிறமானவள், நியாயத்துக்காக நிற்பவள். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்து எழுதலாம் என்பதை ஏழாம் தரப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். சின்னவர்களுக்கு அது எடுபடவில்லை.

தீர்மானமும் திரையிடலும்

மூலக்கதையைக் கேட்டோ வாசித்தோ முடித்த, ஒன்பது வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகளுக்கு, வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட இருக்கும் நிலையில் படத்தைக் காட்டலாம். ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வேண்டாம். இடைப்பட்டவர்களைப் பெற்றாரே தீர்மானிக்கட்டும் என்று முடிவு செய்தோம். கேள்வி கேட்ட தாய்க்கும் இதே பதிலைச் சொன்னோம். அவர் மூத்தவளைக் கூட்டிக்கொண்டு வந்தார், இளையவனைத் தன் தாயிடம் விட்டுவிட்டார். இரவில் காட்டினால் பயத்தோடு படுக்கைக்குப் போவார்கள் என்பதால் சனிக்கிழமை பிற்பகலில் வைத்தோம். ஆங்கில ஒலியுடன் ஓடிய படத்துக்கு அவசியமான இடங்களில் தமிழில் விளக்கம் சொல்லப்பட்டது. தியோடோரா மாறியதும் படத்தை நிறுத்தி, தேநீர் கொடுத்து, பேசிவிட்டுத் தொடர்வது என்பதும் நிபந்தனை.

கறுப்பு வெள்ளையில் ஓடும் முதற்பகுதி பிள்ளைகளைச் சலிப்படைய வைத்தது. வர்ணம் விரிந்து, திரையும் அகன்றபோது நிமிர்ந்தார்கள். ஃபின்லி என்ற குட்டிக் குரங்கு எல்லோருக்கும் பிடித்துப்போனது. தன் உயிரைக் காத்தவனுக்கு விசுவாசமாக இருப்பதாக வாக்களித்த பின்னரே அவன் மந்திரவாதி அல்ல என்று அது அறிகிறது, அறிந்த பிறகும் விட்டுப் போவதில்லை. அந்த வாக்கிலிருந்து விடுபட முடியுமா என்பது பற்றிப் பிள்ளைகளிடையே பெரிய வாக்குவாதமே நடந்தது. படத்தில் விவாதிக்கத் தகுந்தவை இவ்வாறு ஆங்காங்கே கிடைக்கின்றன. கிளிண்டாவின் மக்கள் கொலை செய்யக்கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதால், போரை வைக்கோல் பொம்மைகளாலும், தூக்கம் வரவைக்கும் பொப்பிப் பூக்களாலும், ஒளியாலும் நடத்த வேண்டியிருப்பது இவற்றுள் மிகவும் நல்லது. உயிர் எடுக்காமல் ஒரு போரை வெல்ல முடியுமா என்று பதினான்கு வயதுப் பையன் ஒருவன் கேட்டது, பின்வரிசையில் இருந்தவர்களைச் சிறிது நேரம் மௌனமாக்கியது.

மாற்றக் காட்சியில் எட்டு வயதுப் பிள்ளையொன்று எழுந்து போய்ப் பெத்தம்மாவின் மடியில் அமர்ந்தது. மற்றவர்களுக்கு ஒப்பனை விளக்கம் போதுமாக இருந்தது. படத்தை நிறுத்தியதும் முதலில் பேசியவன் தரம் 5 மாணவன்: “அவர் பொய் சொன்னதாலதானே ரீச்சர், அவ இப்பிடி ஆயிட்டா. அப்ப அவருக்கு ஏன் ஒண்டும் நடக்கல்ல?” நாங்கள் ஆயத்தம் செய்திருந்த கேள்விகள் எல்லாம் தேவையற்றுப் போயின. அவனுக்குப் பதில் சொன்னவள் படத்தைக் கேட்ட அதே மாணவி: “பொறு. டொரதி வருவா. நாய்க்குட்டி தட்டிய விழுத்தும். அப்ப எல்லாருக்கும் தெரியவரும்.” பின்னால் இருந்த பெத்தம்மா ஒருவர் தியோடோராவைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார் போலும். “அவளுக்கு ஆருமே குளுத்தி பாடல்லயே, எப்பிடி ஆறுவாள்?” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு, தியோடோராவைக் குளிர்விக்க ஒஸ்கார் என்ன செய்திருக்கலாம் என்று ஆளுக்கொரு முடிவு சொல்லத் தொடங்கினார்கள். இசைப் பெட்டிகள் எத்தனை பேருக்குக் கொடுத்தேன் என்று அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது அதிகமானோரின் கருத்து.

முடிவில் ஒஸ்கார் எல்லோருக்கும் பரிசு கொடுக்கும் காட்சி பிள்ளைகளுக்குப் பிடித்தது. கிளிண்டாவை முத்தமிடும் காட்சியில் பெரியவர்கள் தான் நெளிந்தார்கள். பிள்ளைகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

தீராத கருத்து வேறுபாடு

ஓய்வுபெற்ற ஆசிரியர் தன் நிலைப்பாட்டை மாற்றவில்லை. அன்றைய உரையாடல் நன்றாக அமைந்தது படத்தின் சிறப்பால் அல்ல, மூலக்கதையை முன்பே சொல்லியிருந்ததாலும் நடுவில் நிறுத்தியதாலும்தான் என்பது அவர் வாதம். ஒரு படத்தை இவ்வளவு முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டுமானால் அதைக் குடும்பப் படம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கிறார். பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் இதைத் தனியாக, போனில், துண்டு துண்டாகப் பார்க்கப் போகிறார்கள்; அந்த நிலைக்கே நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்றும், ஆகவே பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இது தகாது என்று பெற்றாருக்கு அறிவிக்க வேண்டும் என்றும் கோருகிறார்.

தனியாகப் பார்க்கும் பிள்ளையைப் பற்றி அவர் சொல்வதை நான் ஏற்றுக்கொள்கிறேன். வயதெல்லை பற்றி ஏற்கவில்லை. தரம் 5 மாணவன் கேட்ட கேள்வியைப் பன்னிரண்டு வயது வரை ஒத்திப்போட்டிருந்தால் அவன் அதை அவ்வளவு நேராகக் கேட்டிருப்பானா என்பது எனக்குச் சந்தேகம். அந்த வயதில் நாயகன் வெல்வதே நியாயம் என்று வேறு படங்கள் அவனைப் பழக்கியிருக்கும். தாதியான தாய் எங்கள் இருவருக்கும் இடையில் நிற்கிறார். ஒன்பது வயது என்ற எல்லை இருக்கட்டும், ஆனால் பெற்றாருக்குக் கொடுக்கும் தாளில் தரக்குறிக்குப் பக்கத்தில் இரண்டு வரி எழுத வேண்டும் என்கிறார் அவர். ஒன்று, மூலக்கதையை முதலில் சொல்லுங்கள் என்பது. மற்றது, சுழற்காற்று, மாற்றக் காட்சி, வாணவெடி ஆகியவை எங்கே வருகின்றன என்ற குறிப்பு. அந்தத் தாளை இப்போது தயாரித்து வருகிறோம்; சக்கர நாற்காலிச் சிறுமி பற்றிய குறிப்பை எழுதித் தருவதாக அந்தத் தந்தை ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆசிரியரின் ஆட்சேபமும் அதே தாளில், அவர் விரும்பும் சொற்களிலேயே இடம்பெறும்.